மூன்றாம் எண்ணின் மேல் ஒரு கோடு

கடிதத்தின் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். வலது பக்கம் ஒரு விரல் போதும். இடது பக்கம்தான் துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பார்கள்; துளை எழுத்தின் மேல் விழக் கூடாது. நீங்கள் கொடுத்த தாளில் ஓரம் அச்சாகவில்லை. பரவாயில்லை, நானே மடித்து அளவு பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்க, நான் சொல்ல, இன்னொருவர் தட்டச்சு செய்வது என்ற ஏற்பாடு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பேச்சு ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போவதற்குள் உருமாறிவிடும். அதனால் என் கைப்படவே எழுதித் தருகிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. கை நடுக்கம் கிடையாது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக அதைக் கடைசியில் எழுதுவார்கள். கடைசியில் எழுத எனக்கு வேறு விஷயம் இருக்கிறது.

எங்கள் தொழில் பாய்லர் சோதனை. சலவைக்கூடம், ரொட்டித் தொழிற்சாலை, சாயப்பட்டறை, மருத்துவமனை என்று நீராவி வேண்டிய இடங்களில் எல்லாம் பாய்லர் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அதைக் குளிர வைத்து, உள்ளே புகுந்து பார்த்து, தகட்டின் கனத்தை அளந்து, எரியூட்டலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அப்பா தொடங்கியது. எங்கள் கடிதம் வந்தால் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அடுப்பை மூட்டுவார்கள். அறுபது வருடத்தில் எங்கள் கடிதத்தை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. குடும்பத்துக்கு நிலம் இல்லை, பெரிய வீடு இல்லை. அந்தக் கடிதம்தான் எங்கள் மானம்.

அப்பா இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தார். சோதிக்கப் போகிறவர் போன இடத்தில் வாய் திறக்கக் கூடாது. பாய்லரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால்கூட அது ஊரெல்லாம் பரவிவிடும். கடிதம் போய்ப் பேசட்டும் என்பார். மற்றது, எழுதியதை அழிக்கக் கூடாது. வேண்டாததன் மேல் ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் முன்னெழுத்தும் தேதியும் போட வேண்டும். கடிதத்தில் அந்த இடத்து பாய்லர்களின் எண்கள் வரிசையாக இருக்கும். எது எரியூட்டத் தகுதி இல்லையோ அதன் மேல் கோடு விழும். அவ்வளவுதான். கணினி வந்த பிறகும் நாங்கள் அதை விடவில்லை. எழுத்தின் குறுக்கே கோடு விழ வைக்கும் வசதி அதிலும் இருக்கிறது. மற்ற அலுவலகங்களில் வேண்டாததை நீக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் கோடு போட்டோம். எங்கள் வாடிக்கையாளர்களும் அதற்குப் பழகியிருந்தார்கள்.

மின்னஞ்சல் வந்த பிறகு எனக்கு ஏற்பட்ட தொல்லையைச் சொல்ல வேண்டும். சோதகர் தன் கணினியில் அறிக்கை எழுதுவார். அவருக்கு நீளமான கழுத்து. அலுவலகத்தில் ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள், அவரே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். அவர் எழுதியதை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் அது பெரிய எழுத்தாக வந்து விழும். வாடிக்கையாளர் முன்பு எழுதியதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் அது நீல நிறத்தில், பொடி எழுத்தில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் அம்புக்குறியோடு வரும். வரிகள் பாதியில் முறிந்து கிடக்கும். பல கடைகளில் வாங்கிய துணியைச் சேர்த்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். என் பெயரைத் தாங்கிப் போகிற கடிதம் அந்தக் கோலத்தில் போகக் கூடாது. நான் அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக எடுப்பேன். ஓரம் பிடிப்பேன். எழுத்தை ஒரே அளவாக்குவேன். ஒரு கடிதத்துக்கு அரை மணி நேரம். நாளைக்கு எட்டுக் கடிதம். நான் அலுத்துக்கொண்டதில்லை. என் மகள் வேலை முடித்து என் மேசைக்கு இடப்பக்கம் வந்து நிற்பாள், நான் முடிக்கும் வரை. "போதும்பா, அழகா இருக்கு" என்பாள். "இன்னும் ஒரு தடவை" என்பேன். இப்படிப் பதினொரு வருடம்.

அவளுக்குத் திருமணமாகி இரண்டு வருடம் கழித்து மாப்பிள்ளை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நானே அழைத்தேன். அடக்கமானவர். பேசும்போது கையில் இருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இந்த வாக்குமூலம் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த மூன்றாம் வாரம் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு நாளைக்கு எத்தனை லெட்டரை இப்படிச் சீவிச் சிங்காரிச்சு அனுப்புறீங்க?"

"எட்டு. சில நாள் ஒன்பது."

"இதுக்கு ஒரு மேக்ரோ எழுதிடலாம் மாமா, கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கிற கட்டளைதான். ஒட்டிட்டு ரெண்டு பட்டனை அமுக்கினா போதும். வந்த எழுத்தை மட்டும் வச்சுக்கிட்டு கலரு, சைஸுன்னு மத்த வேஷத்தையெல்லாம் கழட்டிப் போட்டுடும். அப்புறம் நம்ம வேஷத்தை மாட்டிவிடும். நம்ம லெட்டர் எப்படி இருக்கணும்னு மட்டும் ஒண்ணு விடாம சொல்லுங்க."

ஒரு பிற்பகல் முழுவதும் சொன்னேன். ஓரம், பத்தி, வரி இடைவெளி, தேதி எங்கே, விளிப்பு எப்படி, வணக்கத்துக்குப் பிறகு எத்தனை வரி விட வேண்டும் என்று இருபத்தொரு விஷயம். அவர் மாணவனைப் போல எழுதிக்கொண்டார். கோட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அன்றைக்கு அது உண்மையான மறதி. அதை அப்படியே பதிவு செய்யுங்கள். மூச்சு விடுவதை யாரும் வழக்கம் என்று பட்டியல் போடுவதில்லை.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அலங்கோலமாக ஒட்டிய ஒரு பக்கம். இரண்டு பட்டன். தும்மி முடிப்பதற்குள் அது என் கடிதமாக மாறியிருந்தது. நான் அரை மணி நேரம் செய்வதை ஒரு பிசிறு இல்லாமல் செய்திருந்தது. சொல்லப்போனால் வணக்கத்துக்குக் கீழே உள்ள இடைவெளியை நான் சில நாள் தவறவிடுவேன். அது தவறவிடவில்லை.

"அடடா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்குதே," என்றார் ஒட்டகம்.

"எழுதினது மாப்பிள்ளையாச்சே," என்றாள் என் மகள். சிரித்தாள். அலுவலகத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னோடு இருந்த பதினொரு வருடத்தில் அவள் சிரிக்கும்படி நான் எதுவும் செய்யவில்லை போலும்.

அதற்குப் பிறகு கடிதம் அனுப்பும் வேலை மாப்பிள்ளையிடம் போனது. நான் அறிக்கையைப் பார்த்து முன்னெழுத்துப் போடுவேன். அவர் நகலெடுத்து, ஒட்டி, பட்டனை அமுக்கி அனுப்பிவிடுவார். படித்துப் பார்க்க மாட்டார். ஒரு நாள் கேட்டேன். "நீங்க பார்த்ததுக்கு அப்புறம் நான் எதுக்கு மாமா பார்க்கணும்? அது மரியாதையா?" என்றார். இப்படிப் பேசுகிற மனிதரை நீங்கள் என்ன செய்வீர்கள்.

என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு உண்டு. மாலையில் என் மகள் இப்போது அந்தப் பக்கம் நின்றாள். அவர் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் உதடு அசைவது தெரியும், சொல் கேட்காது. தேநீர் முதலில் அந்த மேசைக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அவள் 'அவர் சொன்னார்' என்று பதினான்கு முறை சொன்னாள். நான் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. என் காது அப்படிப் பழகியது. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்துக் கடிதம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அறுபது வருடமாக அது அப்படித்தான் இருந்தது. யாரும் அழைத்துச் சொன்னதில்லை.

என் மனைவி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, மருமகளைப் பார்த்துப் புகையிற மாமியாரை ஊரெல்லாம் பார்த்திருக்கேன். மாப்பிள்ளையைப் பார்த்துப் புகையிற மாமனாரை இங்கதான் பார்க்கிறேன்."

"உளறாதே," என்றேன்.

"நான் உளறலை. உங்க மூஞ்சி உளறுது."

அவளுக்கு எதையும் வேடிக்கையாகப் பேசிப் பழக்கம். எனக்குப் பொறாமை கிடையாது. என் இடத்தில் இருப்பவர் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? எனக்கு இருந்தது அக்கறை. ஒரு வீட்டின் பெயர் இரண்டு பட்டனுக்கு அடியில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத அக்கறை.

கோட்டின் விஷயம் எனக்குத் தெரிய வந்தது ஒரு ரொட்டித் தொழிற்சாலையால். சோதனைக்கு வரும் நாள்கள் என்று கடிதத்தில் மூன்று கிழமைகளைக் குறித்திருந்தோம். ஒட்டகத்துக்கு வேறு வேலை வந்ததால் செவ்வாய் என்பதன் மேல் நான் கோடு போட்டு முன்னெழுத்தும் போட்டேன். செவ்வாயன்று பாய்லரைக் குளிர வைத்துவிட்டுக் காத்திருந்து ஏமாந்த அவர்கள் என்னைத் தொலைபேசியில் பிடித்துக் காய்ச்சி எடுத்தார்கள். நான் மூலக் கோப்பைத் திறந்தேன். கோடு இருந்தது. அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தேன். கோடு இல்லை. செவ்வாய் உயிரோடு உட்கார்ந்திருந்தது. மேக்ரோ வேஷத்தைக் கழற்றும்போது கோட்டையும் வேஷம் என்று நினைத்துக் கழற்றிவிட்டது. எழுத்து நின்றது, அதன் மேல் இருந்த மறுப்பு போய்விட்டது. பக்கத்தில் இருந்த என் முன்னெழுத்தையும் தேதியையும்கூட அது கடிதத்தில் வைக்கவில்லை. அலுவலகக் குறிப்பு வெளியே போகக் கூடாது என்பது நான் சொன்ன இருபத்தொன்றில் ஒன்று.

ரொட்டித் தொழிற்சாலையிடம் எங்கள் சோதகர் கிழமையை மறந்துவிட்டார் என்று மன்னிப்புக் கேட்டேன். ஒட்டகத்திடம் அவர்கள் தேதியைக் குழப்பிக்கொண்டார்கள் என்றேன். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்திருப்பார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். என் மகள் நாற்காலியின் முதுகில் கை வைத்திருப்பாள்.

அதனால் அந்த விஷயத்தை, எப்போதாவது உதவும் என்று ஒரு பொருளை எடுத்து வைப்பது போல, எடுத்து வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து என் மகள் என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அப்பா, ஒண்ணாம் தேதியிலேர்ந்து லெட்டர் அடியில அவர் பேர் வரட்டும்பா. அனுப்புறது அவர்தானே. மேக்ரோவிலேயே மாத்திடலாம்."

"கடிதத்தை நான் பார்க்கிறேன்."

"பாருங்க. யார் வேணாம்னா? ஆனா ஏதாவதுன்னா கேக்கிறவங்க அவர்கிட்டத்தான் கேக்கிறாங்க. உங்களுக்கும் ஓய்வு வேணும்ல."

"அப்பா பேர் இருந்த இடம் அது. அப்புறம் என் பேர்."

"இப்ப அவர் பேர். அவரும் நம்ம வீடுதானேப்பா."

ஒரு வருடம் பொறுக்கலாமா என்று கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்டவன் அல்ல. அவள் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரிவு இருந்தது. "சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதீங்கப்பா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள்.

ஒன்றாம் தேதி என் பெயர் போயிற்று. அதற்கும் இரண்டு பட்டன்தான்.

ஒன்பதாம் தேதி ஒட்டகம் சலவைக்கூடத்து அறிக்கையைக் கொண்டுவந்தார். பெரிய சலவைக்கூடம்; விடுதிகளின் படுக்கை விரிப்புகள், மருத்துவமனைத் துணிகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கின்றன. நான்கு பாய்லர்கள். அங்கே மேற்பார்வை பார்த்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாகத் தொலைபேசியில் பழக்கம், நேரில் நான்கைந்து முறை பார்த்திருப்பேன். சத்தமான குரல், இயந்திரங்களுக்கு நடுவே பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. அதற்கு முந்தைய மாதம் அவர் அழைத்தபோது நான்தான் எடுத்தேன். "சார், உங்க லெட்டரெல்லாம் இப்பக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. யாரு, உங்க மாப்பிள்ளையாமே? அவர்கிட்ட போனைக் குடுங்க, ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார். கொடுத்தேன்.

மூன்றாம் எண் பாய்லரைப் பற்றி ஒட்டகம் தெளிவாக எழுதியிருந்தார். பாதுகாப்பு வால்வு துருவேறி இறுகிவிட்டது. அழுத்தம் கூடினால் நீராவியை வெளியே விட்டுக் காப்பாற்றுவது அந்த வால்வுதான். உலைப்பக்கத் தகடு பாதிக் கனத்துக்கு மெலிந்துவிட்டது. எண்ணின் மேல் கோடு போட்டிருந்தார். அது போதாது என்று அடியில் ஒரு வரி: 'மூன்றாம் எண் பாய்லரை எந்தக் காரணம் கொண்டும் எரியூட்டக் கூடாது.' ஆபத்தான விஷயத்தில் இப்படி ஒரு வரி சேர்ப்பது அவர் பழக்கம். நான் பல வருடமாக அதை விட்டுவைத்திருந்தேன். எந்த மேக்ரோவாலும் அந்த வரியைக் கழற்ற முடியாது.

அப்பா காலத்தில் அப்படி வரி கிடையாது. எண்ணின் மேல் கோடு, அவ்வளவுதான். காரணம் விரிவான அறிக்கையில் இருக்கும், அது பத்து நாள் கழித்துத் தபாலில் போகும். நான் அந்த வரியின் மேல் கோடு போடவில்லை. வெட்டி எடுத்து, விரிவான அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அதற்கு உரிய இடத்தில் வைத்தேன். கடிதத்தில் மிஞ்சியது இதுதான்: எரியூட்டத் தகுதியானவை 1, 2, 3, 4. மூன்றின் மேல் கோடு. பக்கத்தில் என் முன்னெழுத்து, தேதி. கோப்பு சுத்தமாக இருந்தது. அப்பா பார்த்திருந்தால் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்.

ஒட்டகம் கதவருகே நின்றார்.

"சார், மூணாம் நம்பர் விஷயத்தை அந்தம்மாகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா? அங்க வச்சு வாயைத் திறக்கலை, நம்ம வழக்கப்படி. ஆனா மனசு கேக்கலை."

"கடிதம் போகுதில்ல."

"போகுது சார். இருந்தாலும்..."

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பத்தொம்பது."

"ஒரு தடவையாவது நம்ம கடிதம் போய்ச் சேராம இருந்திருக்கா?"

"இல்ல சார்," என்று கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். நல்ல மனிதர். நீங்கள் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை அறிக்கையை எடுத்தார். தடுப்பின் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நகலெடுத்தார். ஒட்டினார். இரண்டு விரல் ஒன்றாக இறங்கின. என் மகள் ஏதோ சொல்ல, திரும்பிச் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்பீர்கள். மூன்றாம் எண்ணை மூட்டுவார்கள், ஏதாவது கசியும், சத்தம் வரும், அணைத்துவிடுவார்கள், புகார் வரும், அவர் பெயர் கடிதத்தின் அடியிலிருந்து போகும். என் மனைவியிடம் நான் சொல்லியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இது வாக்குமூலம். நாற்பத்துநான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இறுகிய வால்வும் மெலிந்த தகடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் அதிகம் இல்லை.

இனி எழுதுவது உங்கள் விசாரணையில் இதுவரை வராதது. நாலரை மணிக்குத் தொலைபேசி வந்தது. அந்தப் பெண்மணி.

"சார், லெட்டர் வந்துடுச்சு. நாலும் ஓகேன்னு இருக்கு. சந்தோஷம். ஆனா மூணாம் நம்பர் கொஞ்ச நாளாவே முனகிக்கிட்டு இருந்துச்சு. அதான் மூட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

எங்கள் கடிதத்தை ஒருவர் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு அது சுருக்கென்றது.

"கடிதத்துல என்ன இருக்கோ அதுதாம்மா," என்றேன்.

"அது தெரியும் சார். இருந்தாலும் மனசுல ஒரு சின்ன உறுத்தல்."

"அடியில யார் பேர் இருக்குன்னு பாருங்க."

தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. நான் அந்த இடைவெளியில் எதையும் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். என் வாய் அதற்கு ஆயத்தமாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன். அவர் என் கடிதத்தை, என்னை, கொஞ்சம் நினைத்துப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"அட, உங்க மாப்பிள்ளை பேரு," என்றார். குரலில் ஒரு நிம்மதி வந்தது. "அப்ப சரி சார். அவர் அனுப்பினா சரியாத்தான் இருக்கும்."

"ஆமாம்மா," என்றேன்.

மறுநாள் காலை பதினொன்றேகாலுக்கு அது நடந்தது. எங்கள் அலுவலகத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன. நடுவில் இரண்டு தெருக்கள் இருந்தும். இஸ்திரிக்கூடத்துச் சுவர் முழுவதும் தெருவுக்கு வந்துவிட்டது என்றார்கள். எதிர்ப்புறத்து மரங்களில் வெள்ளை விரிப்புகள் தொங்கினவாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பாய்லர் ஆபரேட்டர், இஸ்திரி போடும் ஒரு பெண், அந்த மேற்பார்வையாளர், மூன்று பேர். புது மூட்டலின்போது தானே பக்கத்தில் நிற்பது அவர் வழக்கமாம். பொறுப்பானவர்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூலக் கோப்பில் கோடு, முன்னெழுத்து, தேதி எல்லாம் இருந்தன. மின்னஞ்சலில் கோடு இல்லை, மாப்பிள்ளை பெயர் இருந்தது. உங்கள் அதிகாரிகள் என் கையைக் குலுக்கி, இவ்வளவு ஒழுங்கான கோப்பைப் பார்த்ததில்லை என்றார்கள். நான் நினைத்தபடிதான் எல்லாம் நடந்தது, ஒரு விஷயத்தைத் தவிர.

மாப்பிள்ளை சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன். மாமா கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்பார், அது உண்மையும்கூட. வழக்கறிஞர் அப்படிச் சொல்லித்தான் தப்ப வேண்டும் என்றார். மாப்பிள்ளை அப்படிச் சொல்லவில்லை. விசாரணையில் எழுந்து நின்று, "மேக்ரோ நான் எழுதினது. படிச்சுப் பார்க்காம அனுப்பினது நான். அடியில இருக்கிற பேர் என்னுது. தப்பும் என்னுது. மாமாவுக்கு இதுல சம்பந்தம் இல்லை," என்றார். ஜாமீனில் வந்த அன்றே மூன்று வீட்டுக்கும் நடந்து போனார். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் பொழுது சாயும் வரை நின்றாராம். அந்தப் பெண்மணியின் கணவர் மட்டும் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீங்களாவது வந்தீங்களே," என்றாராம். இப்போது தெருவில் மாப்பிள்ளையைப் பார்த்தால் யாரும் திட்டுவதில்லை. ஒதுங்கி வழிவிடுகிறார்கள். நான் கவனித்திருக்கிறேன், அது அருவருப்பால் விடும் வழி அல்ல. என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள், பாவம் என்கிறார்கள்.

முந்தாநாள் மாலை என் மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். என் மேசைக்கு இடப்பக்கம், பழைய இடத்தில், வந்து நின்றாள். எனக்கு ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

"அவர் எத்தனை வருஷம் உள்ள இருந்தாலும் நான் காத்திருப்பேன்பா," என்றாள்.

"நம்ம பேருக்கு இப்படி ஒரு களங்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"களங்கமா? நீங்க பேர் பேர்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓரமும் இடைவெளியும்தான்பா ஞாபகம் வரும். பேரைக் காப்பாத்துறதுன்னா என்னன்னு அவரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த வீட்டு மானத்தைக் காப்பாத்தினது அவர்தான்."

அவள் அழவில்லை. பெருமையோடு சொன்னாள். என்னைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தில் அந்தப் பெருமையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் நினைப்பதுபோல மனசாட்சி உறுத்தி நான் இங்கே வரவில்லை. அந்த மூன்று பேருக்காக வருத்தப்படுகிறேன், முறைப்படி. ஆனால் செய்யாத ஒன்றுக்குப் பொறுப்பேற்று ஒருவர் நிமிர்ந்து நடப்பதும், என் மகள் அதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் நியாயம் இல்லை. பொய்யின் மேல் எங்கள் வீட்டு மானம் நிற்கக் கூடாது. யார் செய்தது என்பது யார் பெயரில் இருக்க வேண்டுமோ அவர் பெயரில் இருக்க வேண்டும்.

இதன் ஒரு நகலை என் மகளிடம் கொடுங்கள். அவள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மாப்பிள்ளையின் கவனக்குறைவால் அந்த மூன்று பேரும் சாகவில்லை. எங்கள் அலுவலகத்தில் கவனக்குறைவு என்பதே கிடையாது. அவரால் இப்படி ஒன்றைச் செய்திருக்கவும் முடியாது. அதற்கு வேண்டிய பொறுமை அவருக்குக் கிடையாது. அதை நான்தான் செய்தேன். பார்த்துப் பார்த்து, ஒரு பிசிறு இல்லாமல் செய்தேன்.